ஒரு ‘இல்லையா’வுக்கு இத்தனை உருவமா? ஆங்கிலக் கொஸ்டின் டேக் பழகும் வழி

தமிழில் நமக்கு ஒரே ஒரு ‘இல்லையா’ போதும். நீ மதுரைக்காரன், இல்லையா? அவங்க நேத்தே வந்துட்டாங்க, இல்லையா? நாளைக்கு மழை பெய்யும், இல்லையா? ஆள் மாறினாலும் காலம் மாறினாலும் அந்தச் சொல் அசையாது. இந்திக்காரர்கள் ‘ஹை நா’ என்று முடிப்பதும் பிரெஞ்சுக்காரர்கள் ‘நெஸ் பா’ என்று முடிப்பதும் இதே கணக்குதான். ஆங்கிலம் மட்டும் முரண்டு பிடிக்கும். மேலே உள்ள மூன்றையும் ஆங்கிலத்தில் சொன்னால் முதலாவதற்கு ‘ஆர்ன்ட் யூ’, இரண்டாவதற்கு ‘டிடன்ட் தே’, மூன்றாவதற்கு ‘வோன்ட் இட்’ என்று ஆளுக்கொரு வால் முளைக்கும்.

இந்த வாலுக்குத்தான் கொஸ்டின் டேக் என்று பெயர். பள்ளியில் இதை முப்பது விதிகளாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வு முடிந்ததும் முப்பதும் மறந்துபோகும். மாலை நேரத்தில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித் தருபவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, மூன்று அசைவு கைவந்தால் முக்கால்வாசி வாக்கியங்கள் சரியாகிவிடும். மிச்சம் இருப்பவை கொஞ்சம் விதிவிலக்குகள். ஆனால் உண்மையில் நம்மை மாட்டிவிடுவது வால் போடுவதல்ல, வால் போட்டுக் கேட்பவருக்குப் பதில் சொல்வது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வால் என்பது பேச்சுக்கு உரியது, கண்ணால் மட்டும் பார்த்தால் பழகாது.

முதல் அசைவு: துணைவினையைப் பிடியுங்கள்

‘ஷி இஸ் எ நர்ஸ்.’ இதில் ‘இஸ்’ இருக்கிறது. ‘தே ஆர் வெயிட்டிங்.’ இதில் ‘ஆர்’. ‘யூ கேன் ஸ்விம்’ என்றால் ‘கேன்’, ‘ஹி வில் கால்’ என்றால் ‘வில்’, ‘வீ ஹேவ் ஃபினிஷ்ட்’ என்றால் ‘ஹேவ்’. வாக்கியத்தில் இப்படி ஒரு துணைவினை கண்ணில் பட்டால் வேலை பாதி முடிந்தது. அதையே வாலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு மூன்று துணைவினைகள் வரிசையாக நின்றால் முதலில் நிற்பது மட்டும் போதும். ‘ஷி ஷுட் ஹேவ் கால்ட்’ என்றால் ‘ஷுட்’ போதும், ‘ஹேவ்’ பக்கம் போக வேண்டாம்.

துணைவினையே கண்ணில் படாத வாக்கியங்களில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ‘ராஜா டிரைவ்ஸ் எ லாரி.’ இதில் எங்கே துணைவினை? வெளியே தெரியாது, உள்ளே ஒளிந்திருக்கிறது. ‘டிரைவ்ஸ்’ என்ற சொல்லின் கடைசியில் வரும் அந்த ‘ஸ்’தான் தடயம். இதே வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பாருங்கள்: ‘டஸ் ராஜா டிரைவ் எ லாரி?’ ஒளிந்திருந்த ‘டஸ்’ வெளியே வந்துவிட்டது, ‘டிரைவ்ஸ்’ தன் ‘ஸ்’ஸை அதற்குக் கொடுத்துவிட்டு வெறும் ‘டிரைவ்’ ஆகிவிட்டது. ஆகவே வால் ‘டஸன்ட் ஹீ’. வினையில் ‘ஸ்’ இல்லாமல் நிகழ்காலமாக இருந்தால் உள்ளே இருப்பது ‘டூ’: ‘யூ லைக் காபி, டோன்ட் யூ?’ இறந்தகாலம் என்றால் ‘டிட்’: ‘தே வென்ட் ஹோம், டிடன்ட் தே?’

சந்தேகம் வந்தால் இந்தச் சோதனை ஒன்றே போதும். வாக்கியத்தை மனதுக்குள் கேள்வியாக மாற்றுங்கள். கேள்வியில் முதலில் வந்து நிற்கும் சொல்தான் வாலுக்கு வேண்டிய சொல்.

இந்த இடத்தில் தேர்வு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்த ஒரு கண்ணி உண்டு. ‘புட்’, ‘கட்’, ‘ஹிட்’, ‘ஷட்’ போன்ற வினைகளுக்கு நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே உருவம். ‘மாலா கட் தி கேக்’ என்று கொடுத்துவிட்டு வால் கேட்பார்கள். நிகழ்காலம் என்று நினைத்து ‘டஸன்ட் ஷி’ என்று போட்டால் தவறு. ஏன்? நிகழ்காலமாக இருந்தால் மாலாவுக்கு ‘கட்ஸ்’ என்று வந்திருக்க வேண்டும். ‘ஸ்’ இல்லை என்பதாலேயே இது இறந்தகாலம். ஆகவே ‘டிடன்ட் ஷி’. ‘ஆர் ஈ ஏ டி’ என்று எழுதும் சொல்லும் அப்படித்தான். நிகழ்காலத்தில் ‘ரீட்’, இறந்தகாலத்தில் ‘ரெட்’, எழுத்து ஒன்றுதான். எழுவாய் ‘ஹி’ ஆக இருந்து ‘ஸ்’ இல்லாமல் இருந்தால் அது ‘ரெட்’ என்று படிக்க வேண்டியது, வால் ‘டிடன்ட் ஹீ’. எழுவாய் ‘தே’ ஆக இருந்தால் வாக்கியத்தில் ‘யெஸ்டர்டே’, ‘எவ்ரி டே’ மாதிரி காலம் காட்டும் சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

‘ஹேவ்’ இன்னொரு குழப்படிக்காரர். அது துணைவினையாகவும் வரும், சொந்த வினையாகவும் வரும். ‘ஷி ஹேஸ் லெஃப்ட்’ என்றால் பின்னால் ‘லெஃப்ட்’ என்ற வினை இருக்கிறது, ஆகவே ‘ஹேஸ்’ வெறும் துணை, வால் ‘ஹேஸன்ட் ஷி’. ‘வீ ஹேட் லஞ்ச்’ என்றால் சாப்பிட்டோம் என்ற பொருள் ‘ஹேட்’டிலேயே இருக்கிறது, ஆகவே ‘டிடன்ட் வீ’. ‘ஹி ஹேஸ் டு கோ’ என்பதற்கும் ‘டஸன்ட் ஹீ’. ‘ஷி ஹேஸ் எ கார்’ என்பதற்குப் பழைய பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேஸன்ட் ஷி’ என்றும் வரும். இன்றைக்கு ‘டஸன்ட் ஷி’ என்று சொன்னால் உலகில் எங்கும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அதையே பழகுங்கள்.

பேச்சில் சுருங்கி வரும் வடிவங்களையும் விரித்துப் பார்க்க வேண்டும். ‘ஹீஸ் கோயிங்’ என்பதில் இருப்பது ‘இஸ்’, ‘ஹீஸ் கான்’ என்பதில் பெரும்பாலும் ‘ஹேஸ்’. ‘யூட் லைக் சம் டீ’ என்றால் ‘வுட்’, ‘யூட் பெட்டர் கோ’ என்றால் ‘ஹேட்’. கடைசியில் சொன்னதன் வால் ‘ஹேடன்ட் யூ’. இதை மட்டும் அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அசைவு: திருப்பிப் போடுங்கள்

வாக்கியம் உடன்பாடாக இருந்தால் வால் எதிர்மறை. வாக்கியம் எதிர்மறையாக இருந்தால் வால் உடன்பாடு. ‘யூ ஆர் டயர்ட், ஆர்ன்ட் யூ?’ ‘யூ ஆர் நாட் டயர்ட், ஆர் யூ?’ அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ‘நாட்’ என்ற சொல்லே இல்லாமல் வாக்கியத்தை எதிர்மறையாக்கும் சொற்கள். ‘நெவர்’, ‘நோபடி’, ‘நத்திங்’ ஆகியவற்றில் எதிர்மறை வெளிப்படை. ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’, ‘செல்டம்’, ‘ரேர்லி’ ஆகியவை பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே எதிர்மறை. ‘ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்’ என்றால் அவன் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை என்றுதான் அர்த்தம், ஆகவே ‘டஸ் ஹீ’.

‘ஃப்யூ’ என்பதற்கும் ‘எ ஃப்யூ’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த வால்தான் காட்டிக்கொடுக்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் வரவில்லையே என்ற கவலையில் ‘வந்தவங்க ரொம்பக் கம்மி’ என்று சொன்னால் அது ‘ஃப்யூ பீப்பிள் கேம், டிட் தே?’ ‘யாரும் வராம இல்ல, சில பேர் வந்தாங்க’ என்று சமாதானப்படுத்தினால் அது ‘எ ஃப்யூ பீப்பிள் கேம், டிடன்ட் தே?’ வந்தது அதே இருபது பேராகக்கூட இருக்கலாம், சொல்பவரின் மனநிலைதான் வேறு. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இரண்டுக்கும் இதே கதை.

இதற்கு நேர்மாறாக, ‘அன்ஹேப்பி’, ‘இம்பாசிபிள்’ மாதிரி சொற்கள் பார்த்தால் எதிர்மறை போலத் தோன்றும். ஆனால் எதிர்மறை அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது, வாக்கியத்தைத் தொடுவதில்லை. ‘இட் இஸ் இம்பாசிபிள், இஸன்ட் இட்?’ என்பதே சரி.

மூன்றாம் அசைவு: பெயரை ப்ரோநவுன் ஆக்குங்கள்

வாலில் ஆள் பெயர் வராது. ‘கவிதா இஸ் லேட், இஸன்ட் கவிதா?’ என்று யாரும் சொல்வதில்லை, ‘இஸன்ட் ஷி’ என்றுதான். ‘திஸ்’, ‘தட்’ இரண்டுக்கும் ‘இட்’. ‘தீஸ்’, ‘தோஸ்’ இரண்டுக்கும் ‘தே’. ‘தேர்’ மட்டும் தன்னையே திரும்பச் சொல்லிக்கொள்ளும்: ‘தேர் இஸ் எ பஸ் அட் சிக்ஸ், இஸன்ட் தேர்?’

‘எவ்ரிபடி’, ‘சம்படி’, ‘நோபடி’ ஆகியவற்றுக்கு ‘தே’. ‘எவ்ரிபடி ஹேஸ் கம், ஹேவன்ட் தே?’ வாக்கியத்தில் ‘ஹேஸ்’ இருக்க வாலில் ‘ஹேவ்’ வருகிறதே என்று மாணவர்கள் மிரள்வார்கள். ‘தே’ வந்துவிட்டால் அதற்கேற்ற வினைதான் வர வேண்டும். நமக்கு இது அந்நியமே அல்ல. தமிழில் ‘எல்லாரும் வந்தாங்க’ என்று பன்மையில்தானே சொல்கிறோம்? மனிதர்களுக்கு ‘தே’ என்றால், ‘எவ்ரிதிங்’, ‘நத்திங்’ மாதிரி பொருட்களுக்கு ‘இட்’. ‘நத்திங் ஹேப்பன்ட், டிட் இட்?’

கொஞ்சம் அடம் பிடிப்பவை

‘ஐ ஆம்’ என்பதன் வால்தான் இருப்பதிலேயே விசித்திரம். ‘ஐ ஆம் லேட், ஆர்ன்ட் ஐ?’ ‘ஐ’யோடு ‘ஆர்’ எப்படிச் சேரும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். முறைப்படி பார்த்தால் ‘ஆம்ன்ட் ஐ’ என்று வர வேண்டும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அப்படியே சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. மற்ற இடங்களில் ‘ஆர்ன்ட் ஐ’ நிலைத்துவிட்டது. வாக்கியம் எதிர்மறையாக இருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது: ‘ஐ ஆம் நாட் லேட், ஆம் ஐ?’

‘லெட்ஸ்’ என்று தொடங்கினால் ‘ஷல் வீ’. ‘லெட்ஸ் கோ, ஷல் வீ?’ சுருக்காமல் ‘லெட் அஸ் கோ’ என்று எழுதியிருந்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். வா போகலாம் என்ற பொருள் என்றால் அதற்கும் ‘ஷல் வீ’தான். எங்களைப் போக விடுங்கள் என்று யாரிடமோ அனுமதி கேட்கிற பொருள் என்றால் ‘வில் யூ’.

கட்டளை வாக்கியங்களுக்குப் பொதுவாக ‘வில் யூ’ வரும். ‘டோன்ட்’ என்று தொடங்கினாலும் அதேதான்: ‘டோன்ட் பி லேட், வில் யூ?’ விருந்தாளியை உபசரிக்கும்போது ‘ஹேவ் எ சீட், வோன்ட் யூ?’ என்றால் காதுக்கு இதமாக இருக்கும். ஓர் எச்சரிக்கை: ‘ஷட் தி டோர், வில் யூ?’ இலக்கணப்படி சரி, ஆனால் குரல் கொஞ்சம் தவறினால் எரிச்சலோடு சொன்ன மாதிரி இருக்கும். மேலதிகாரியிடம் வேண்டாம். அங்கே ‘குட் யூ ஷட் தி டோர், ப்ளீஸ்?’ என்பதே பத்திரம்.

‘ஐ திங்க்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வால் ‘ஐ’யைப் பார்க்காது, பின்னால் வரும் பகுதியைப் பார்க்கும். ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட், இஸன்ட் ஹீ?’ காரணம் எளிது. நான் நினைக்கிறேனா இல்லையா என்று நானே அடுத்தவரிடம் கேட்க முடியாது. ‘ஐ டோன்ட் திங்க் ஷி வில் கம்’ என்றால் அந்த ‘டோன்ட்’ உண்மையில் அவள் வரமாட்டாள் என்பதற்கு உரியது. அதனால் ‘வில் ஷி’. ஆனால் ‘ஹி திங்க்ஸ்’ என்று வந்தால் அவன் நினைக்கிறானா என்று தாராளமாகக் கேட்கலாம், ஆகவே ‘டஸன்ட் ஹீ’.

‘யூஸ்ட் டு’ வந்தால் ‘டிடன்ட்’. ‘மே’ வந்தால் வால் போடாமல் வேறு விதமாகக் கேட்டுவிடுங்கள். ஆங்கிலேயர்களே அங்கே தயங்குகிறார்கள்.

எழுதும்போது வாலுக்கு முன் கமா, எதிர்மறை வாலில் சுருக்கக் குறி, கடைசியில் கேள்விக்குறி. வால் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். ‘ஐ’ மட்டும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. தேர்வில் விடை சரியாக இருந்தும் அரை மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான். அலுவலகக் கடிதங்களில் வால் எதுவும் வேண்டாம், அது வாய்ப்பேச்சுக்கு உரிய சரக்கு.

குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா

ஒரே வாலை இரண்டு ராகத்தில் சொல்லலாம், பொருளும் இரண்டாகும். ‘யூ ஆர் ஃப்ரம் மதுரை, ஆர்ன்ட் யூ’ என்று கடைசியில் குரலை இறக்கினால் எனக்குத் தெரியும், நீயும் ஆமாம் சொல் என்று அர்த்தம். தமிழில் ‘நீங்க மதுரைதானே’ என்பதற்குச் சமம். குரலை ஏற்றினால் நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன் என்று அர்த்தம், ‘நீங்க மதுரையா?’ என்பதற்குப் பக்கத்தில் வரும். நாம் சொல்லை மாற்றிச் செய்கிற வேலையை அவர்கள் குரலில் செய்துவிடுகிறார்கள்.

பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவர் ‘நைஸ் டே, இஸன்ட் இட்?’ என்று குரலை இறக்கிச் சொன்னால் அவர் வானிலை விசாரிக்கவில்லை, பேச்சுக் கொடுக்கிறார். ‘யெஸ், இட் இஸ்’ என்று சிரித்தால் போதும். வெப்பநிலை எத்தனை டிகிரி என்று போனில் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

அரிதாக, திருப்பிப் போடாத வாலும் காதில் விழும். ‘ஓ, யூ ஆர் தி நியூ மேனேஜர், ஆர் யூ?’ இது தவறு அல்ல. ‘ஓஹோ, அந்தப் புது மேனேஜர் நீங்கதானா’ என்ற தொனி, சில நேரம் ஆர்வம், சில நேரம் கிண்டல். புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும், தொடக்கத்தில் நீங்கள் பயன்படுத்த வேண்டாம்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ‘இஸன்ட் இட்’ போடுவது பற்றி. ‘யூ ஆர் கமிங், இஸன்ட் இட்?’ இந்தியா முழுக்கக் கேட்கும். நம் ‘இல்லையா’வுக்கு ஆங்கிலச் சட்டை மாட்டியதுதான் அது. லண்டன் தெருக்களில் ‘இன்னிட்’ என்று எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் ஒட்டுகிறார்களே, அதுவும் இதே சோம்பல்தான். நண்பர்களுக்குள் பேசும்போது எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை, பொருள் புரிகிறது. தேர்வில் மதிப்பெண் போகும், நேர்காணலில் கவனிப்பார்கள். அங்கே மட்டும் ஜாக்கிரதை.

பதில் சொல்வதில்தான் மாட்டிக்கொள்வோம்

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வர வேண்டிய ஒரு பார்சல் வரவில்லை. கூரியர் நிறுவனத்தில் புகார் கொடுத்திருந்தேன். வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினார். ‘சார், யூ ஹேவன்ட் ரிசீவ்ட் தி பார்சல், ஹேவ் யூ?’ நான் உடனே ‘யெஸ், யெஸ்’ என்றேன். ‘தேங்க் யூ, சார்’ என்று வைத்துவிட்டார். அடுத்த பத்தாவது நிமிடம் குறுஞ்செய்தி வந்தது: பொருள் கிடைத்துவிட்டதாக வாடிக்கையாளர் உறுதி செய்தார், புகார் முடிக்கப்பட்டது.

அவர் மேல் தவறே இல்லை. நான் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ‘பார்சல் வரலைதானே?’ என்று தமிழில் கேட்டால் ‘ஆமா, வரலை’ என்போம். நம் ‘ஆமா’, நீங்கள் சொல்வது சரி என்று கேட்டவரோடு ஒத்துப்போகிறது. ஜப்பானிய மொழியிலும் இப்படித்தான். ஆங்கிலத்தின் ‘யெஸ்’ கேட்டவரைக் கண்டுகொள்வதே இல்லை, நடந்ததை மட்டும் பார்க்கும். வந்தது என்றால் ‘யெஸ்’, வரவில்லை என்றால் ‘நோ’. கேள்வியை அவர் எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் மாறாது.

ஆகவே கேட்டவரின் வாலை மறந்துவிடுங்கள். நடந்ததா, நடக்கவில்லையா என்று மட்டும் பாருங்கள். பிறகு ‘யெஸ்’ அல்லது ‘நோ’வோடு நிறுத்தாமல் துணைவினையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘நோ, ஐ ஹேவன்ட்.’ ‘யெஸ், ஐ ஹேவ்.’ ‘யெஸ், ஐ ஹேவன்ட்’ என்று ஒரு பதில் ஆங்கிலத்தில் கிடையாது. வாயில் அது வந்தால் எங்கோ தமிழ் உள்ளே புகுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இந்த இரண்டாம் பகுதியைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் அன்றைக்கு எனக்கு இருந்திருந்தால் புகார் மூடப்பட்டிருக்காது. ‘யெஸ்’ என்று தவறாகத் தொடங்கினாலும் பின்னால் வரும் ‘ஹேவன்ட்’டைக் கேட்டு அந்தப் பெண் மறுபடி விசாரித்திருப்பார்.

‘வுட் யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்று ரயிலில் ஒருவர் கேட்டால், அவருக்குச் சொல்லும் பதிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உட்காரட்டும் என்றால் ‘நோ, நாட் அட் ஆல்’ என்று சொல்ல வேண்டும். ‘யெஸ்’ என்றால் எனக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

பழகிப் பார்க்க ஏழு

கீழே உள்ளவற்றை வாய்விட்டுச் சொல்லி வால் போடுங்கள், பிறகு விடையைப் பாருங்கள். யாராவது ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்வதாகச் செய்தால் இன்னும் நல்லது.

1. யுவர் பிரதர் வொர்க்ஸ் இன் திருப்பூர்,
2. நோபடி கால்ட் மீ,
3. ஷி ஹார்ட்லி ஈட்ஸ் எனிதிங்,
4. லெட்ஸ் ஹேவ் டீ,
5. மீனா புட் தி கீஸ் ஹியர்,
6. தேர் வேர் டூ பஸ்ஸஸ்,
7. ‘யூ ஹேவன்ட் பெய்ட் தி ஃபீஸ், ஹேவ் யூ?’ இதற்கு வால் இருக்கிறது, பதில் மட்டும் சொல்லுங்கள்.

முதலாவது ‘டஸன்ட் ஹீ’. இரண்டாவது ‘டிட் தே’, இதில் தவறியவர்கள் ‘நோபடி’யில் இருக்கும் எதிர்மறையைக் கவனிக்கவில்லை. மூன்றாவது ‘டஸ் ஷி’. நான்காவது ‘ஷல் வீ’. ஐந்தாவது ‘டிடன்ட் ஷி’, ‘டஸன்ட்’ என்று போட்டிருந்தால் கேக் வெட்டிய மாலாவிடம் திரும்பிப் போங்கள். ஆறாவது ‘வேர்ன்ட் தேர்’. ஏழாவதற்கு, கட்டவில்லை என்றால் ‘நோ, ஐ ஹேவன்ட்’. கட்டிவிட்டீர்கள் என்றால் ‘யெஸ், ஐ ஹேவ்’ என்று சொல்லிவிட்டு ரசீதையும் எடுத்துக் காட்டுங்கள்.